நெல்லின் பெயரும் வகையும்

கல்முனைக்குடி கிழக்கே கடலும் மேற்கே கரைவாகு வயல்வெளியும் சூழ்ந்த ஊர். கடற்றொழிலோடு வேளாண்மையும் இவ்வூர் முஸ்லிம் மக்களுக்குப் பழந்தொழிலாகும். அவ்வயல்களில் விளையும் நெல் யாவும் தாவரநூன் முறைப்படி ஓரினமே. சுவீடன் நாட்டறிஞர் லின்னேயசு 1753 இல் அதற்கு 'ஒரைசா சட்டைவா' என்னும் இருசொற்பெயரைச் சூட்டினார். முதற்சொல் சாதியையும், இரண்டாவது அச்சாதியுள் இனத்தையும் சுட்டும். 'ஒரைசா' தமிழின் 'அரிசி'யினின்று பிறந்ததென்பாரும் உளர்; அது முடிந்த முடிபன்று.

உழவனுக்கு இனப்பெயர் மட்டும் போதாது. 1990களில் அம்பாறை மாவட்டத்திற் பரவிய களைநெல்லும் பயிர்நெல்லும் தாவரநூலார்க்கு ஓரினமே. ஆனால் முற்றியதும் மணியுதிர்க்கும் களைநெல் உழவனுக்குப் பகை. ஆகவே நிறம், வடிவு, வயது ஆகியவற்றைக் கருதி அவன் வேறு பெயர்களை ஆக்கினான். பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன், முருங்கைக்காயன் என்பன ஈழத்து வயல்களில் வழங்கியவை.

இப்பெயர்களும் கண்ணுக்குப் புலனாவதையே சொல்லும். ஒரு பெயரின்கீழ் நின்றது பெரும்பாலும் பல வழிகளின் கலவையே. விவசாயத் திணைக்களத்தார் அக்கலவைகளினின்று தனிவழிகளைப் பிரித்து எண்ணிட்டனர். 'முருங்கைக்காயன் 302' அவ்வாறு வந்தது. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தார் அதனை இந்தோனேசியாவின் 'மாஸ்' என்னும் நெல்லோடு கலந்து, 1950களின் பிற்பகுதியில் 'எச். 4' ஐ வெளியிட்டனர். விளைச்சல் பெருகிற்று. கல்லோயா நீர் பாய்ந்த அதே காலத்தில் புதுநெற்களும் வந்தமையால், பழைய விதைகள் மெல்ல மெல்லக் கைவிடப்பட்டன. உழவனைக் குறைகூற இடமில்லை, வயிற்றுப்பாடு முந்தியது.

எனினும் கைவிடப்பட்டவை வெறும் பெயர்கள் அல்ல. நெற்றண்டின் சாற்றை உறிஞ்சி வயலையே எரித்தாற்போற் கருக்கும் கபிலநிறத் தத்தியைத் தாங்குமாறு, பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973 இல் 'ஐ. ஆர். 26' ஐ வெளியிட்டது. அந்நெல்லின் எதிர்ப்பு ஒரு பரம்பரையலகில் தங்கியிருந்தது. சில ஆண்டுகளில் அதனை வெல்லும் தத்திகள் பெருகின. 1977 இல் 'ரத்து ஹீனட்டி' என்னும் இலங்கை நெல்லில் வேறோர் எதிர்ப்புப் பரம்பரையலகு உண்டென அறிவிக்கப்பட்டது. 'ரத்து' சிவப்பைக் குறிக்கும் சிங்களச் சொல். விதையைப் பேணிய உழவர் அரிசியின் சிவப்பைக் கண்டு பெயரிட்டனர். தத்தியைத் தடுக்கும் ஆற்றலைப் பற்றி அப்பெயரில் ஒரு குறிப்பும் இல்லை. ஒன்றெனக் கருதப்பட்ட அவ்வலகு, நான்காம் நிறமூர்த்தத்தில் அடுத்தடுத்துள்ள மூன்று பரம்பரையலகுகளின் தொகுதியென 2015 இல் வெளியான ஆய்வு காட்டியது.

கன்னொறுவையிலுள்ள தாவர மரபு வள நிலையத்தில் இன்று பழநெல் விதைகள் குளிரூட்டிய அறைகளிற் காக்கப்படுகின்றன. அங்கே ஒரே பெயருடைய விதைகளும் வெவ்வேறிடங்களிற் சேகரித்தவையாயின், ஒன்றாகக் கலக்கப்படாது தனித்தனி எண்களின்கீழ் வைக்கப்பட்டுள்ளன.