வேளச்சேரிக்குப் பக்கம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி மாதம். மயிலாப்பூர் சபா ஒன்றில் கச்சேரி கேட்டுவிட்டுக் காப்பிக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர், "ஸாருக்கு ஜாகை எங்கே?" என்று விசாரித்தார்.

"வேளச்சேரிக்குப் பக்கம்" என்றேன்.

"பக்கம் என்றால்?"

"கொஞ்சம் தெற்கே... மேடவாக்கம்."

"அடடா! அவ்வளவு தூரத்திலிருந்தா பட்டணத்துக்கு வந்து கச்சேரி கேட்கிறீர்கள்?" என்று அவர் காட்டிய அனுதாபத்தில் என் காப்பி ஆறிப்போய்விட்டது.

அதோடு போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே ஏற்பட்டிராது. அடுத்த வாரம் என் பெண், 'நமது நகரம்' என்று பள்ளிக்கூடத்துக்காக எழுதிய வியாசத்தைக் கொண்டுவந்து காட்டினாள். '1639-ஆம் ஆண்டில் சென்னை பிறந்தது' என்று ஆரம்பித்திருந்தாள். கடைசியில், 'நான் வேளச்சேரியில் வசிக்கிறேன்' என்று முடித்திருந்தாள்.

"ஏனம்மா இப்படி எழுதினாய்?" என்று கேட்டேன்.

"மேடவாக்கம் என்றால் சிரிக்கிறார்கள், அப்பா. நீங்களும் அப்படித்தானே சொல்கிறீர்கள்?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அரசாங்கக் கணக்குப்படி நாங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள் என்பது உண்மைதான். ஆனால் பட்டணத்தின் கதைக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லையா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு பல்லாவரத்துக்குப் பஸ் ஏறினேன்.

கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை வழியாக அரை மணி நேரப் பிரயாணம். போகும்போதே கதையை ஆரம்பித்தேன். 1639 ஆகஸ்டு 22-ஆம் தேதி கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குக் கடற்கரையில் கொஞ்சம் மணல் நிலம் சாஸனமாகக் கிடைத்தது. மறு வருஷம் அதில் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அன்று பிறந்தது கோட்டை. திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலும், அங்கே தந்திவர்ம பல்லவனுடைய கல்வெட்டும் அதற்கு எண்ணூறு வருஷங்கள் முன்பே இருந்தன. பிறகு வந்தவன் வாசலில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டால், வீடே அன்றைக்குத்தான் கட்டப்பட்டது என்று ஆகிவிடுமா?

பல்லாவரத்துக் கதை இவற்றுக்கெல்லாம் முந்தியது. 1863 மே 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி இங்கே ராணுவ மைதானத்தை ஒட்டிய ஒரு சரளைக் குழியில், மனிதன் கையால் செதுக்கிய ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது பழைய கற்காலத்துக் கைக்கோடாரி. பிரான்ஸ் தேசத்தில் ஸோம் நதிக்கரையில் கிடைத்த இத்தகைய கற்கள் ஆதிமனிதன் செய்தவையே என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டு அப்போது நாலு வருஷந்தான் ஆகியிருந்தது. இந்தியாவில் ஆதிமனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி, இந்தப் பல்லாவரத்துக் கல்தான். அதே வருஷம் ஃபூட்டும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார்கள். அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் பழமையானவற்றுக்கு வயது சுமார் பதினைந்து லட்சம் வருஷம் என்று 2011-ல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். ஃபூட்டின் சேகரத்தை 1904-ல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது.

"அந்தக் குழி எங்கே, அப்பா?" என்றாள் பெண்.

நாலு பேரைக் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு டீக்கடைக்காரர் மட்டும், "எந்தக் குழி ஸார்? இங்கே ரோடு முழுக்கக் குழிதானே!" என்றார்.

குழி அகப்படாவிட்டாலும் குகை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் பல்லாவரத்துக் குன்றைக் குடைந்து, ஐந்து கருவறைகள் கொண்ட ஒரு கோயிலை அமைத்தான். தன் விருதுப் பெயர்களையும் கல்லிலே பொறித்தான். பிற்காலத்தில் அந்த இடம் தர்காவாயிற்று. ராஜாவின் பெயர்கள் போய், பக்கிரியின் பெயர் நிலைத்தது. கடவுளுக்கென்று குடைந்த இடம் கடவுளுக்கே இருப்பதால் மகேந்திரன் கோபித்துக்கொள்ளமாட்டான் என்று நினைக்கிறேன். அவன் சிரிக்கத் தெரிந்த ராஜா. போலிச் சந்நியாசிகளைக் கேலி செய்து 'மத்தவிலாஸப் பிரஹஸனம்' எழுதியவன் அல்லவா?

அடுத்த ஊர் பம்மல். அந்த ஊர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் தாங்கிய சம்பந்த முதலியார், 1891-ல் பட்டணத்தில் சுகுண விலாஸ சபையை ஏற்படுத்தினார். நடிப்பவனைக் 'கூத்தாடி' என்று ஏளனம் செய்த காலம் அது. அப்போது வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் அரிதாரம் பூசி மேடையேறச் செய்தவர் அவர். பிற்பாடு நீதிபதியாகவும் இருந்தார். ஹாஸ்ய நாடகம் எழுதிய ராஜாவின் குகைக்குப் பக்கத்து ஊர், புதிய தமிழ் நாடகத்தின் தந்தைக்கு முன்பெயராக வாய்த்தது தற்செயல்தான். ஆனாலும் எவ்வளவு அழகான தற்செயல்!

மறைமலையடிகள் 1911-ல் பட்டணத்துக் கல்லூரி வேலையை விட்டுக் குடியேறியதும் பல்லாவரத்துக்குத்தான். 1916-ல் தனித்தமிழ் இயக்கம் முளைத்ததும் இங்கேதான். ஸம்ஸ்கிருதமும் தமிழும் கலந்த என்னுடைய இந்த நடையைப் படித்திருந்தால் அடிகளார் என்னை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்! அவர் சேர்த்த ஆயிரக்கணக்கான புத்தகங்கள் பிற்பாடு பட்டணத்துக்கு ஒரு நூல்நிலையமாயின.

திரும்பும்போது மாடம்பாக்கத்துக்கும் போனோம். தேனுபுரீசுவரர் கோயிலின் விமானம் படுத்திருக்கும் யானையின் முதுகைப் போல வளைந்திருக்கிறது. தூங்கானை மாடம் என்று அதைச் சொல்வார்கள். சோழர் காலத்துக் கோயில். அருணகிரிநாதர் வந்து பாடிய தலம். பெண் அந்த யானையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அன்று மாலை மொட்டைமாடியிலிருந்து வடக்கே பார்த்தோம். பள்ளிக்கரணைச் சதுப்பில் பறவைகள் இறங்கிக்கொண்டிருந்தன. சுற்றியுள்ள ஏரிகளின் மிகுதி நீரெல்லாம் வந்து சேரும் இடம் அது. அதன்மேல் குப்பையைக் கொட்டினோம், வீடும் கட்டினோம். 2015 டிசம்பரில் வெள்ளம் தெருவுக்குள் வந்தபோது, 'எங்கிருந்து வந்தது இந்தத் தண்ணீர்?' என்று ஆச்சரியப்பட்டோம். அது தன் பழைய வழியில்தான் வந்தது. வழியை மறந்தவர்கள் நாம். 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின்படி அது உலக முக்கியத்துவம் பெற்ற சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது. இனியாவது மிச்சம் பிழைக்கட்டும். பல்லாவரத்தில் 1880-களில் அலெக்ஸாண்டர் ரீ என்பவர் சுட்ட மண்ணாலான ஈமப்பேழைகளைக் கண்டெடுத்தார். அப்படி இன்னும் மண்ணுக்குள் இருப்பவை எத்தனையோ? ஓர் ஊரை 'வெளியூர்' என்று ஒதுக்கிவிட்டால், அங்கே எதை இடித்தாலும் எதைத் தூர்த்தாலும் யாருக்கும் மனம் வலிப்பதில்லை. மயிலாப்பூர்ப் பெரியவரின் அனுதாபத்தில் இருந்த ஆபத்து அதுதான். என்னுடைய 'பக்கத்தில்' இருந்த ஆபத்தும் அதுவேதான்.

பெண் வியாசத்தை மறுபடி எழுதினாள். பல்லாவரத்துக் கல்லிலிருந்து ஆரம்பித்தாள். கடைசி வரியில் வந்து பேனாவை நிறுத்தி, "மேடவாக்கம் என்று எழுதினால் எங்கே இருக்கிறது என்று கேட்பார்களே, அப்பா?" என்றாள்.

"கேட்டால் சொல், அம்மா. வேளச்சேரி தெரியுமல்லவா, அது எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று!"