ஒரே எக்ஸ், இரண்டு வழிகள்

பிள்ளை பேசவில்லை, நடை தடுமாறுகிறது என்று சாலாக் செலாத்தானிலிருந்து கோலாலம்பூர் பெரிய மருத்துவமனைக்கு அலையும் தாயிடம், வீட்டில் முதலில் எழும் கேள்வி: "உன் பக்கத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சா?" ரெட் நோய்க்குறியும் ஃபிராஜைல் எக்ஸும் அந்தக் கேள்விக்கு வெவ்வேறு பதில் வைத்திருக்கின்றன. இரண்டும் எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒற்றை மரபணுவின் பழுதால் வருபவைதான்.

ரெட் பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு வருகிறது. ஓரிரு சொல் பேசத் தொடங்கிய குழந்தை, கற்றதை ஒவ்வொன்றாக இழக்கிறது. ஓயாமல் கையைப் பிசைகிறது. வியன்னா மருத்துவர் ஆன்ட்ரியாஸ் ரெட் இதை 1966இல் எழுதினார். 1999இல் ஹுடா சோக்பியின் குழு எம்இசிபி2 மரபணுவில் காரணத்தைக் கண்டது. ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளிடமும் அந்த மாற்றம் புதிதாக நேர்ந்தது, அதுவும் பெரும்பாலும் தந்தையின் விந்தணுவில். தாய்வீட்டைத் துருவுவது வீண் கொடுமை.

ஃபிராஜைல் எக்ஸ் பரம்பரையில் நகர்வது. ஆண் பிள்ளைகளைக் கடுமையாகப் பாதிப்பது. எஃப்எம்ஆர்1 மரபணுவில் சிஜிஜி என்ற மூன்றெழுத்துத் துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. அது 200 முறையைத் தாண்டினால் மரபணு செயலிழக்கிறது. 55 முதல் 200 வரை இருப்பவர் பெரும்பாலும் வெளிப்பார்வைக்கு நலமாகவே இருப்பார். தாய் வழியாகக் கடக்கும்போது நீளம் கூடக்கூடும். ஆனால் தாய்க்கு அது தன் அப்பாவிடமிருந்தும் வந்திருக்கலாம், ஏனெனில் அத்தகைய ஆண் தன் மகள்கள் எல்லாருக்கும் அதைக் கொடுத்துவிடுகிறார். முதுமையில் கை நடுங்கித் தள்ளாடும் தாத்தா, நாற்பதுக்கு முன்பே மாதவிலக்கு நின்ற சித்தி என இந்த இடைப்பட்ட நீளம் வேறு உருவங்களிலும் தெரியக்கூடும்.

காரண மரபணு முந்திக் கிடைத்தது ஃபிராஜைல் எக்ஸுக்கு, மருந்து வந்ததோ ரெட்டுக்கு. எஃப்எம்ஆர்1 1991இலேயே பிடிபட்டது. ஆனால் எலிகளில் நம்பிக்கை தந்த வழியில் உருவான மாவோகுளூரன்ட் என்ற மருந்து, மனிதர்களிடம் பலன் தராமல் 2014இல் கைவிடப்பட்டது. ரெட்டில், 2007இல் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்டின் குழு அணைந்திருந்த மரபணுவை மீண்டும் இயக்கியபோது சாகக் கிடந்த எலிகள் தேறின. மூளைச் செல்கள் அழிந்துவிடவில்லை என்று அது காட்டியது. 2023இல் டிரோஃபினெடைட் என்ற மருந்து ரெட்டுக்கு அமெரிக்க ஒப்புதல் பெற்றது. அது அறிகுறிகளைத்தான் ஓரளவு குறைக்கிறது. விலையோ ஆண்டுக்கு லட்சக்கணக்கான டாலர்.

செய்தியாவது மருந்துதான். நம் குடும்பங்களுக்கு இன்றே கைகொடுப்பது ஃபிராஜைல் எக்ஸ் பற்றிய அறிவு என்பேன். பல மரபணுக்களை ஒருசேரப் படிக்கும் எக்ஸோம் சோதனை பொதுவாக இந்தத் திரும்புதலின் நீளத்தை அளப்பதில்லை. அறிக்கையில் குறையில்லை என்று வந்தாலும், எஃப்எம்ஆர்1 தனியாகப் பார்க்கப்பட்டதா என்று மரபியல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஃபிராஜைல் எக்ஸ் இருப்பது உறுதியானால் தாய் அதைத் தன் உடன்பிறந்தவர்களிடம் சொல்ல வேண்டும். தங்கைக்கு வரன் பார்க்கிறோம் என்று மறைத்தால், கருத்தரிக்கும் முன்பே சோதித்து ஆலோசனை பெறும் வாய்ப்பை இழப்பது அந்தத் தங்கைதான்.