ஷவரில் தண்ணீர் ஏன் திடீரென்று சுடுகிறது? ஒரு குட்டி வரலாறு

பிரிட்டனில் பழைய வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது: பம்ப் இருக்கிறது, சூட்டைச் சரிபார்க்கும் தெர்மோஸ்டாட் ஷவரும் இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் ஒரு நிமிஷம் சுடுகிறது, மறு நிமிஷம் ஜில்லென்று வருகிறது. எல்லோரும் முதலில் திட்டுவது தெர்மோஸ்டாட்டைத்தான். பாவம், பல நேரம் அது நிரபராதி! ஏன் என்று வரலாற்றில் பார்ப்போம்.

முதலில் தொட்டி. 19ஆம் நூற்றாண்டு லண்டனில் தனியார் கம்பெனிகள் தினமும் சில மணி நேரம்தான் தண்ணீர் விட்டன. அதனால் வீட்டுக்கு வீடு தொட்டி வைத்தார்கள். நாள் முழுக்கத் தண்ணீர் வரத் தொடங்கிய பிறகும் பரண்மேல் தொட்டி வைக்கும் வழக்கம் போகவில்லை. வெந்நீர் சிலிண்டருக்கும் அதிலிருந்தே தண்ணீர் இறங்கும். ஒரு மீட்டர் உயரத்துக்கு அழுத்தம் சுமார் 0.1 பார்தான். ஷவர் சொட்டத்தானே செய்யும்?

அதற்குத்தான் பம்ப். இதுவும் புதிதல்ல. 1767இல் லண்டன் அடுப்புத் தயாரிப்பாளர் வில்லியம் ஃபீத்தம் காப்புரிமை பெற்ற ஷவரிலேயே கைப்பம்ப் இருந்தது. இன்றைய இரட்டை பம்பில் ஒரே மோட்டார் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் சம அழுத்தத்தில் தள்ளுகிறது.

அடுத்து தெர்மோஸ்டாட். 1830இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர் இரண்டு உலோகப் பட்டைகளை இணைத்து ஒன்றைச் செய்தார். 1930களில் செர்ஜியஸ் வெர்னே கார் எஞ்சினுக்காக மெழுகை வைத்து ஒன்று செய்தார். சூட்டில் மெழுகு உருகி விரியும், தண்டைத் தள்ளும். பல ஷவர் வால்வுகளுக்குள் இருப்பதும் இதே மெழுகுதான்.

1976இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் கூடியவர்களுக்கு மர்மக் காய்ச்சல் வந்து பலர் இறந்தார்கள். காரணம் லீஜியனெல்லா பாக்டீரியா. அது 20 முதல் 45 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான தண்ணீரில் வளரும். அதனால் சிலிண்டரை 60 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் 60 டிகிரி தண்ணீர் சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும். இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவே நிற்பது அந்தச் சின்ன வால்வுதான்.

ஆகவே தண்ணீர் வரும் பாதையிலேயே தேடுங்கள்:

1. சிலிண்டர்: 60 டிகிரி இருக்கிறதா? குளிக்கக் குளிக்க மெல்ல ஆறினால் வெந்நீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

2. அழுத்தம்: வெந்நீர் பம்பிலிருந்தும் பச்சைத் தண்ணீர் நேரடித் தெருக்குழாயிலிருந்தும் வந்தால் இரண்டும் மல்லுக்கட்டும். கழிப்பறைத் தொட்டி நிரம்பும்போது மட்டும் சுட்டால், இரண்டும் ஒரே குழாயைப் பங்குபோடுகின்றன.

3. பம்ப்: சூடாகும் தண்ணீரிலிருந்து காற்று பிரியும். அது பம்புக்குள் போனால் வெந்நீர் விட்டுவிட்டு வரும்.

4. கடைசியில் வால்வு: வடிகட்டியில் குப்பையா, சுண்ணாம்புப் படிவா, பின்னோட்டத்தைத் தடுக்கும் வால்வு சிக்கியதா, மெழுகுக் குப்பி பழசாகிவிட்டதா என்று பாருங்கள்.

ஒரு முக்கியமான சோதனை. யாரும் ஷவருக்குக் கீழே நிற்காமல், வால்வுக்கு வரும் பச்சைத் தண்ணீரை மட்டும் அடையுங்கள். நல்ல வால்வு உடனே வெந்நீரையும் நிறுத்தும். நிறுத்தாவிட்டால் சரிசெய்யும் வரை குழந்தைகளையும் வயதானவர்களையும் அந்த ஷவரில் குளிக்கவிடாதீர்கள். சூடு உறைப்பதற்குள் விலக அவர்களால் முடியாது.