பாய்ஸ் பிரிகேட் கம்பெனி

பாய்ஸ் பிரிகேட் கம்பெனி என்பது ஒரு புராட்டஸ்டண்டு திருச்சபையைச் சார்ந்து ஊர் அளவில் இயங்கும் சிறுவர் அணி. வேத பாடமும் அணிவகுப்புப் பயிற்சியும் இதன் இரு கால்கள். முதல் கம்பெனி 1883 அக்டோபர் 4 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கூடியது. சாரணர் இயக்கத்தைவிட ஏறத்தாழ கால் நூற்றாண்டு மூத்தது. பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய சீருடைச் சிறுவர் அமைப்புகள் பலவும் இதன் வழிமுறைகளிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டன.

நிறுவனர் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் 1854இல் ஸ்காட்லாந்தின் வடகோடியில் தர்சோ ஊருக்கு அருகே பிறந்தவர். தந்தை இறந்தபின் கிளாஸ்கோவுக்கு வந்து மாமாவின் சால்வை வணிகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வாரநாளில் வணிகம், சனிக்கிழமை லனார்க்‌ஷயர் தன்னார்வத் துப்பாக்கிப் படையில் பயிற்சி, ஞாயிறன்று நார்த் உட்சைடு சாலையில் ஃப்ரீ காலேஜ் சபையின் மிஷன் கூடத்தில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் வேலை என்று அவருடைய வாரம் ஓடியது. அந்தச் சபையின் போதகர் ஜார்ஜ் ரீத். பிபிசியின் முதல் தலைமை இயக்குநரான ஜான் ரீத் அவருடைய மகன்.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பையன்கள்தான் ஸ்மித்துக்குத் தலைவலி. சின்னப் பிள்ளைகளோடு உட்கார அவர்களுக்கு வெட்கம். வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வில் சேரவோ வயது போதாது. இடைப்பட்ட மூன்று நான்கு ஆண்டுகளில் சபையை விட்டு நழுவிவிடுவார்கள்; நழுவாதவர்கள் வகுப்பைக் கலைத்துக்கொண்டிருப்பார்கள். சனிக்கிழமை தன் ஒரு சொல்லுக்குப் பெரிய ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள், மறுநாள் அதே தெருப் பையன்கள் பெஞ்சில் ஏறிக் குதிக்கிறார்கள். இந்த வேறுபாட்டிலிருந்துதான் சிறுவர்களையும் அணிவகுக்க வைத்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு எழுந்ததாக வரலாறுகள் சொல்கின்றன. ஜேம்ஸ் ஹில், ஜான் ஹில் என்ற சகோதரர்கள் இருவர் துணை நின்றனர். முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் 59 பேர். கண்டிப்பு தாங்காமல் சிலர் விலக, சில வாரங்களில் அந்த எண்ணிக்கை 35 ஆனது என்பர். ஸ்மித் அதற்காகக் கண்டிப்பைத் தளர்த்தவில்லை. கம்பெனி நிலைத்ததற்கு அந்த உறுதியே முதற்காரணம் என்று கருத இடமுண்டு.

அமைப்பு முறை அந்த முதல் ஆண்டுகளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிட்டது. கம்பெனி ஒரு சபைக்கு உரியது. சபையின் ஒப்புதலோடு கேப்டன் பொறுப்பேற்பார். அவருக்குக் கீழே லெஃப்டினன்ட்கள்; இவர்கள் பெரியவர்கள், ஊதியம் பெறாதவர்கள். பையன்கள் சிறு குழுக்களாகப் பிரிக்கப்படுவர். குழுவுக்கு ஒரு சார்ஜன்ட் அல்லது கார்ப்பரல். அவனும் பையன்களில் ஒருவனே. போதகர் கம்பெனியின் ஆன்மிகக் காப்பாளராக இருப்பார். வாரநாள் மாலை ஒன்றில் அணிவகுப்பு, ஞாயிறன்று வேத வகுப்பு. அணிவகுப்புக்கு மட்டும் வந்துவிட்டு வேத வகுப்பைத் தவிர்க்க முடியாது. வருகைப் பதிவேடு கறாராக எழுதப்பட்டது. நேரம் தவறுவது குற்றமாகவே கருதப்பட்டது. ஓர் ஊரில் கம்பெனிகள் பதிவான வரிசைப்படி எண் பெற்றன: முதலாம் கிளாஸ்கோ, இரண்டாம் கிளாஸ்கோ என்றவாறு. கம்பெனிகள் பல சேர்ந்தால் பட்டாலியன்.

சீருடை பற்றித் தனியே குறிப்பிட வேண்டும். முழுச் சீருடை தைத்துக்கொள்ளத் தொழிலாளர் வீட்டுப் பையனால் முடியாது. ஆகவே வட்டமான சிறு தொப்பி, இடுப்பு வார், தோளில் குறுக்காகத் தொங்கும் வெள்ளைப் பை ஆகிய மூன்று மட்டும் விதிக்கப்பட்டன. உள்ளே அவனுடைய அன்றாடச் சட்டையும் காற்சட்டையுமே. வார் இறுக்கி, பை மாட்டி, தொப்பியைச் சாய்த்து வைத்ததும் ஒட்டுப்போட்ட கோட்டும் ஒரே வரிசையில் மற்றக் கோட்டுகளோடு சேர்ந்துவிடும். ஏழைப் பையனின் மானத்தை இவ்வளவு நுட்பமாகக் காத்த சீருடைகள் வேறு அதிகமில்லை. சின்னம் நங்கூரம்; எபிரெயருக்கு எழுதிய நிருபம் ஆறாம் அதிகாரம் 19ஆம் வசனத்திலிருந்து எடுக்கப்பட்டது. கம்பெனியின் நோக்கவுரையில் பயபக்தி, ஒழுக்கம், சுயமரியாதை ஆகியவை முதலில் இருந்தன. கீழ்ப்படிதல் 1893இல்தான் சேர்க்கப்பட்டது.

1886இல் முதலாம் கிளாஸ்கோ கம்பெனி, கிளைடு முகத்துவாரத்தை ஒட்டிய டைனாப்ருவாய்க் என்ற கடலோரச் சிற்றூரில் கோடை முகாம் நடத்தியது. ஆலைப் புகையில் வளர்ந்த பையன்களுக்கு அது ஒரு வாரக் கடற்குளியல், விளையாட்டு, மாலை ஜெபம். கம்பெனியின் ஆண்டு, முகாமைச் சுற்றியே அமையலாயிற்று. குளிர்காலம் முழுதும் பயிற்சி, வசந்தத்தில் பெற்றோரும் சபையாரும் காணும் ஆய்வணிவகுப்பு, ஜூலையில் முகாம். பாண்டு வாத்தியம், முதலுதவி வகுப்பு, கால்பந்து, வாசிப்பறை ஆகியவை ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1888இல் ஸ்மித் வணிகத்தை விட்டு முழுநேரச் செயலாளரானார். மறு ஆண்டு பாய்ஸ் பிரிகேட் கெசட் இதழ் தொடங்கியது. இயற்கையியல் அறிஞரும் பிரசங்கியாருமான ஹென்றி டிரம்மண்ட் இவ்வியக்கத்தை அமெரிக்காவரை அறிமுகப்படுத்தினார்.

சாரணர் இயக்கத்துடனான உறவு அதிகம் பேசப்பட்டது, முழுதும் தெளிவாகாதது. 1904இல் கிளாஸ்கோவில் சுமார் 7,000 பையன்கள் பங்கேற்ற ஆய்வணிவகுப்புக்கு, பின்னர் அவ்வியக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் தலைமை தாங்கினார். பயிற்சியில் இன்னும் பலவகைச் சுவை இருந்தால் பையன்கள் பன்மடங்கு சேர்வார்கள் என்று அவர் சொன்னதாகவும், அப்படியானால் படைவீரர்களுக்காக நீங்கள் எழுதிய நூலைச் சிறுவர்களுக்கு ஏற்ப மாற்றி எழுதுங்கள் என்று ஸ்மித் கேட்டுக்கொண்டதாகவும் கூறுவர். இந்தத் தூண்டுதலே முதன்மையானதா, பலவற்றுள் ஒன்றா என்பதில் இரு தரப்பு வரலாற்றாசிரியர்களும் ஒத்துப்போவதில்லை. பேடன் பவலின் திட்டக் குறிப்பு 1906இல் கெசட் இதழில் வெளிவந்தது என்பது மட்டும் உறுதி. 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் அவர் நடத்திய சோதனை முகாமில் சுமார் இருபது பையன்கள் இருந்தனர். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் போர்ன்மவுத், பூல் ஊர்களின் பாய்ஸ் பிரிகேட் கம்பெனிகளைச் சேர்ந்தவர்கள். உயர்குடிப் பள்ளி மாணவர் ஒரு பவுண்டு கட்ட, பிரிகேட் பையன்கள் மூன்றரை ஷில்லிங் கட்டினர்; பிறகு ஓநாய், காளை, அண்டங்காக்கை, கோரைக்குத்தி என்று பறவை, விலங்குகளின் பெயர் தாங்கிய நான்கு குழுக்களில் கலந்து ஒன்றாகவே கூடாரங்களில் படுத்தனர். சாரணர் இயக்கம் தனி அமைப்பாக வளர்ந்தபின்னும் சில கம்பெனிகளுக்குள்ளேயே சாரணக் குழுக்கள் சில ஆண்டுகள் நடந்தன.

படைத்தன்மை பற்றிய வாதம் தொடக்கம் முதலே உண்டு. பையன்கள் சுட முடியாத மாதிரித் துப்பாக்கிகளோடு அணிவகுத்ததைச் சமாதான விரும்பிகள் கண்டித்தனர். நாட்டிங்ஹாமில் பேட்டன் என்ற போதகரின் முயற்சியால் 1899இல் துப்பாக்கியற்ற பாய்ஸ் லைஃப் பிரிகேட் தோன்றியதற்கு இதுவே காரணம். மறுபுறம், 1910ஐ ஒட்டி அரசின் கேடட் படைத் திட்டத்தில் சேரும்படி போர் அமைச்சகம் வற்புறுத்தியபோது பாய்ஸ் பிரிகேட் தலைமை மறுத்துவிட்டது. ஆகவே அதைச் சிறுவர் பட்டாளம் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது பொருந்தாது. 1909இல் சர் பட்டம் பெற்ற ஸ்மித் 1914 மே 10 அன்று லண்டனில் காலமானார்.

முதல் உலகப் போரில் முன்னாள் உறுப்பினர் பலர் மாண்டனர். 1926இல் பாய்ஸ் லைஃப் பிரிகேட் இதனுடன் இணைந்தது. அதன் சிவப்புச் சிலுவை நங்கூரத்தின் பின்னால் சேர்ந்தது, துப்பாக்கிப் பயிற்சி நின்றது. 1933 பொன்விழாவின்போது கிளாஸ்கோ ஹாம்ப்டன் பார்க் திடலில் நடந்த ஆராதனைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். 1964இல் அமைப்பை மறுஆய்வு செய்த ஹெயின்ஸ் குழுவின் அறிக்கை வந்தபின் வயதுப் பிரிவுகள் திருத்தப்பட்டன. இளைய வயதுப் பையன்களுக்கான லைஃப் பாய்ஸ் பிரிவு, ஜூனியர் பிரிவு ஆனது.

சிங்கப்பூரில் முதல் கம்பெனி 1930 ஜனவரியில் ஜேம்ஸ் மில்னர் ஃபிரேசர் முயற்சியால் பிரின்செப் தெரு பிரெஸ்பிடேரியன் சபையில் தொடங்கியது. அங்கு இன்று கம்பெனிகள் பலவும் பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கையாக நடைபெறுகின்றன. 1988 முதல் அவை ஆண்டு இறுதியில் வசதி குறைந்த குடும்பங்களுக்கு உணவும் பரிசும் திரட்டி வழங்குகின்றன. பிரிட்டனில் பெண் பிள்ளைகளையும் சேர்க்கும் கம்பெனிகள் உள்ளன.