1993-இல் கிளம்பிய பயம்

1993 ஜனவரி 21. அமெரிக்காவின் சி.என்.என். தொலைக்காட்சியில் லாரி கிங் நிகழ்ச்சிக்கு புளோரிடாக்காரர் ஒருவர் வந்திருந்தார். அவருடைய மனைவி மூளைக்கட்டியால் இறந்துபோனவர். செல்போனை எந்தக் காதில் வைத்துப் பேசினாரோ, அந்தப் பக்கத்தில்தான் கட்டி. ஆன்டெனாவிலிருந்து வந்த அலைதான் காரணம் என்று கணவர் வழக்குப் போட்டிருந்தார். அடுத்த சில நாட்களில் செல்போன் கம்பெனிகளின் பங்குகள் மளமளவென்று சரிந்தன. ஆதாரம் போதாது என்று 1995-இல் வழக்கு தள்ளுபடியானது. பயம் தள்ளுபடி ஆகவில்லை. கடல் தாண்டி எங்கள் வீடு வரை வந்து, 'போனைத் தலைமாட்டுல வச்சுத் தூங்காதே' என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 'கதிர்வீச்சு' என்றதும் ஹிரோஷிமாவும் செர்னோபிலும் ஞாபகம் வருவது இயல்புதானே? ஆனால் எக்ஸ்ரே, அணுவிலிருந்து எலெக்ட்ரானையே பிடுங்கிவிடும், அதனால் டி.என்.ஏ. உடையும். செல்போன் அலைக்கு அந்தத் தெம்பு கிடையாது. அது செய்வதாக உறுதியாகத் தெரிந்த வேலை, திசுவைக் கொஞ்சம் சூடாக்குவது. அதற்கும் வரம்பு உண்டு. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் கிலோவுக்கு 1.6 வாட்.

விஞ்ஞானிகளும் சும்மா இருக்கவில்லை. 13 நாடுகளில் நடந்த 'இன்டர்ஃபோன்' ஆய்வு 2010-இல் வெளிவந்தது. மொத்தத்தில் ஆபத்து கூடவில்லை. ஆனால் மிக அதிகமாகப் பேசியதாகச் சொன்னவர்களிடம் மட்டும் எண்ணிக்கை லேசாக ஏறியிருந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் பேசினோம் என்று யாருக்குத்தான் சரியாக ஞாபகமிருக்கும்? இந்தச் சந்தேகத்தோடுதான், 2011-இல் பிரான்சின் லியோன் நகரில் கூடிய உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்த அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியமுள்ளவை' பட்டியலில் சேர்த்தது. ஆசிய மரபுப்படி உப்பில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன என்பதைத் தலைப்புச் செய்திகள் சொல்லவில்லை. 2024-இல் அதே உலக சுகாதார நிறுவனத்துக்காக 63 ஆய்வுகளை அலசிய குழுவுக்கு, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தென்படவில்லை.

இதே காலத்தில் இன்னொரு ஆய்வு வந்தது. அதற்கு இத்தனை வெளிச்சம் விழவில்லை. 1997-இல் கனடாவின் டொரன்டோவில் ரெடல்மையர், டிப்ஷிராணி என்ற இருவர், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் பில்லை எடுத்துப் பார்த்தார்கள். ஞாபகத்தை நம்பவில்லை, 26,798 அழைப்புகளின் பதிவை நம்பினார்கள். பேசிக்கொண்டே ஓட்டினால் விபத்து வாய்ப்பு நான்கு மடங்கு என்று வந்தது. கையில் பிடிக்காமல் பேசினாலும் பாதுகாப்பு கூடவில்லை. சிக்கல் கையில் இல்லை, கவனத்தில்.

இந்த இரண்டு வரலாறுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். எவனோ நட்ட டவரைப் பார்த்து பயப்படுவது சுலபம்; நம்ம பழக்கத்தைப் பார்த்து பயப்படுவது கஷ்டம். 2018-இல் வந்த '2.0' படத்தில் டவர் அலை பறவைகளைக் கொன்றது; தியேட்டரே உச்சுக்கொட்டியது. படம் முடிந்து பைக்கை எடுத்து, ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேரோ!

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் கையில் பிடிக்கும் கருவியைத்தான் குறிப்பிடுகிறது. காதில் புளூடூத் மாட்டிக்கொண்டால் சட்டத்தின் கண்ணில் தப்பில்லை. டொரன்டோ கணக்கில் தப்புதான். சட்டம் எட்டாத இடத்தில் மிச்சமிருப்பது, மறுமுனையில் இருக்கும் நாம். 'வண்டி ஓட்டிட்டிருக்கேன், பரவால்ல சொல்லு' என்று ஒரு குரல் வரும்போது, 'அப்புறம் பேசுறேன்' என்று வைத்துவிடலாம். போனால் வரும் ஆபத்துகளில் இந்த ஒன்றையாவது, ஒரு பொத்தானை அழுத்தி நிறுத்த நம்மால் முடியும்.