ஆடு காத்த மாடு

ராணிப்பேட்டையில் 1932-ல் மாட்டு வெக்கைக்குச் சீரம் தயாரிக்கத் தொடங்கியதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். இந்த வாரம் 1995-க்கு, வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாகத் தலைகாட்டிய வடாற்காட்டுக்குப் போயிருக்க வேண்டும். குமாவோன் மலையின் முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்து ஜே. டி. எட்வர்ட்ஸைப் பார்க்காமல் எனக்கு அங்கே போக மனமில்லை.

வெக்கை கண்ட மாட்டின் ஈறில் தவிட்டைத் தூவியதுபோல் புண் பூக்கும். கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு. பிறகு நாற்றக் கழிச்சல். சில நாளில் கொட்டில் காலி. சிதம்பரம் பக்கம் உழவுமாடு போனால் அந்த வருஷச் சம்பாவும் போன மாதிரிதான்.

எட்வர்ட்ஸுக்கு முன், நோய்கண்ட மாட்டின் ரத்தத்தையும், நோயெதிர்ப்புச் சீரத்தையும் ஒருசேர ஏற்றுவார்கள். அந்த ரத்தத்தில் உண்ணிக்காய்ச்சல் ஒட்டுண்ணிகளும் சேர்ந்து ஏறிவிடும். அவை ஆட்டில் தங்காதே என்று எட்வர்ட்ஸ் கிருமியை ஆட்டுக்குள் விட்டார். ஆடு விட்டு ஆடு மாற்றிக்கொண்டே போனதில், மாட்டைக் கொல்லும் வீரியம் அதற்குத் தணிந்துபோயிற்று! 1920-களின் இறுதிக்குள் சீரமே வேண்டாத தடுப்பூசி கைக்கு வந்தது. 1954-ல் தேசிய ஒழிப்புத் திட்டம் இறங்கியதும் இதை நம்பித்தான். பின்னாளில் கென்யாவில் செல் வளர்ப்புத் தடுப்பூசி கண்ட வால்டர் பிளோரைட்டுக்கு 1999-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. தகுதியானவர்தான். எட்வர்ட்ஸை மறந்ததுதான் அநியாயம்.

தடுப்பூசி கைக்கு வந்த பின்னும், போட்ட ஊசிகளை எண்ணியே திருப்திப்பட்ட காலத்தைத்தான் இக்கதையின் வில்லன் என்பேன். எது வெக்கை, எது வேறு என்று பிரித்தறிந்தால்தான் ஒழிக்க முடியும். அந்தப் பாடம் நம் மண்ணில் கிடைத்தது. 1987-ல், கடலூரைத் தலைநகராகக் கொண்ட அன்றைய தென்னாற்காட்டின் அரசூரில் செம்மறிகள் நோயில் விழுந்தன. பார்வைக்கு வெக்கையேதான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம். எஸ். ஷைலாவும் உடன் ஆய்ந்தவர்களும் அது ஆட்டுக்கொல்லி நோய் என்று 1989-ல் அறிவித்தார்கள். இந்தியாவில் அந்நோய் உறுதியானது அதுவே முதல் முறை. இல்லாவிட்டால் ஆடு சாகும்போதெல்லாம் வெக்கை திரும்பிவிட்டதென்று அலறிக்கொண்டிருப்போம்.

வெக்கை உலகைவிட்டே ஒழிந்ததாக 2011-ல் அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லி இன்னும் ஒழியவில்லை. அறுவடை வயல்களில் கிடை போடும் கீதாரிகளும் வீட்டில் நாலு ஆடு வைத்திருப்பவர்களும் கால்நடை மருந்தகத்தில் கேட்டு அதற்கான தடுப்பூசியைத் தவறாமல் போட்டுவிடுங்கள். வடாற்காட்டுக்கு அடுத்த வாரம் போவோம்.