பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்கு வந்த கடிதம்

1858 கோடை என்றதும் அறிவியல் வரலாறு படித்தவர்களுக்கு ஒரே ஒரு கதைதான் நினைவுக்கு வரும். மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்து ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் ஒரு கட்டுரையை அனுப்புகிறார். தான் இருபது வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த கருத்தை வேறொருவர் எழுதியிருப்பதைப் பார்த்து டார்வின் அதிர்கிறார். நண்பர்கள் தலையிடுகிறார்கள். இருவர் எழுத்தும் ஒன்றாக வாசிக்கப்படுகிறது. அவ்வளவுதான் கதை. இரண்டு மேதைகள், ஒரு கடிதம்.

இந்தக் கதையில் விட்டுப்போவது வீடு. அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது ஓர் ஆய்வுக்கூடத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அல்ல. புள்ளகுட்டிகளோடு அல்லாடிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு.

சார்ல்ஸ் டார்வின் 1839இல் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். எம்மா அவருக்குச் சொந்தத் தாய்மாமன் மகள். நமக்கு இது ஆச்சரியமே இல்லாத உறவு. டார்வினுக்கோ வாழ்நாள் முழுக்க இது ஒரு உறுத்தல். பிள்ளைகள் ஒவ்வொன்றும் நோயில் படுக்கும்போது, ரத்த உறவில் மணந்ததுதான் காரணமோ என்று அவர் மனம் அரிக்கும். 1842இல் லண்டனை விட்டு கென்ட் மாவட்டத்தில் டௌன் என்ற கிராமத்துக்குக் குடிபோனார்கள். மூன்றாவது குழந்தை மேரி அந்த வீட்டில் பிறந்து சில வாரங்களில் இறந்தாள். 1851இல் பத்து வயது ஆனி போனாள். டார்வின் அந்த இழப்பிலிருந்து முழுதாக மீளவேயில்லை. ஆனாலும் குடும்பம் வளர்ந்துகொண்டே போனது. 1856 டிசம்பரில் பத்தாவது பிள்ளை சார்ல்ஸ் வேரிங் பிறந்தபோது எம்மாவுக்கு வயது 48.

அந்த வீட்டில் அமைதி என்று ஒன்று இருந்திருக்குமா? மாடிப்படியில் சறுக்கி விளையாட மரப்பலகை செய்து வைத்திருந்தார்கள். அப்பா வேலை செய்யும் அறைக்குள் கத்தரிக்கோல் வேண்டும், நூல் வேண்டும், பிளாஸ்திரி வேண்டும் என்று பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள். நாலு வயதுப் பையன் ஒருவன், வேலை நேரத்தில் விளையாட வந்தால் ஆறு பென்ஸ் தருகிறேன் என்று அப்பாவுக்கே லஞ்சம் கொடுக்கப் பார்த்தான் என்பது குடும்பத்தில் வழங்கிவந்த கதை.

இன்னொரு பக்கமும் உண்டு. பிள்ளைகள் டார்வினுக்கு இடைஞ்சல் மட்டும் இல்லை, வேலையாட்களும்தான். ஆண் வண்டுத்தேனீக்கள் தினமும் ஒரே பாதையில் பறந்து சில இடங்களில் நின்று ரீங்கரிப்பதை அவர் கவனித்தார். பாதையைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் போதாது. ஐந்தாறு பிள்ளைகளை ஆளுக்கொரு இடத்தில் நிற்க வைத்தார். தேனீ வந்ததும் கத்த வேண்டும். 1854 முதல் சில கோடைகள் இப்படிப் போயின. பிற்பாடு, ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் கையெழுத்துத் தாள்களின் பின்பக்கம் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கிடைத்தது. தப்பிப் பிழைத்த சில தாள்களில் ஒன்றில் பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் போர் நடக்கிறது. மனித சிந்தனையையே புரட்டிப்போட்ட வாக்கியங்கள் ஒரு பக்கம், மறுபக்கம் காய்கறிப் போர்.

எம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்துப் பிரசவம், மூன்று சாவு, ஓயாமல் வயிற்று நோயில் படுக்கும் கணவர், விருந்தினர்கள், வேலைக்காரர்கள். இத்தனையையும் சமாளித்து டார்வினுக்கு ஒரு நாளில் சில மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்ள வழி செய்தவர் அவர். அந்தச் சில மணி நேரங்களில்தான் 1856 மே மாதத்திலிருந்து டார்வின் தன் ‘பெரிய புத்தக’த்தை எழுதிக்கொண்டிருந்தார். அதைத் தொடங்கத் தூண்டியதிலும் நம் பக்கத்துக்குப் பங்குண்டு. 1855இல் சரவாக்கின் சந்துபோங்கில் மழைக்காலத்தில் முடங்கிக் கிடந்த வாலஸ், புதிய உயிரினங்கள் தோன்றும் விதம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்த புவியியல் அறிஞர் சார்ல்ஸ் லயல்தான், சீக்கிரம் எழுதிவிடு, வேறொருவர் முந்திக்கொள்வார் என்று டார்வினை எச்சரித்தார்.

முந்திக்கொண்டார்தான். 1858 தொடக்கத்தில் மலேரியாக் காய்ச்சலில் படுத்திருந்த வாலஸுக்கு இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் பிடிபட்டது. தெர்னாத்தே என்று ஊர் குறித்து எழுதிய கட்டுரையை டார்வினுக்கே அனுப்பினார். அந்தக் கடிதம் எந்தெந்தக் கப்பலில் போயிருக்கும் என்பதை, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றாய்வாளர் ஜான் வான் வைஹே, கீஸ் ரூக்மாக்கருடன் சேர்ந்து 2012இல் தேடி எழுதினார். டச்சுத் தபால் கப்பலில் ஜாவா, அங்கிருந்து சிங்கப்பூர், பிறகு இலங்கையின் காலி, சூயஸ். கால்வாய் அப்போது வெட்டப்படவில்லை. எகிப்தைத் தரைவழியாகக் கடந்து மறுபடி கப்பல். கிட்டத்தட்ட பத்து வாரம். டார்வின் தாமதமாகப் பெற்றதாகப் பொய் சொன்னாரா என்ற பழைய சந்தேகத்துக்கு, ஜூன் 18இல் வந்திருப்பதே பொருந்தும் என்பது அவர்களின் பதில்.

நமக்குக் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. இங்கிலாந்தில் ஜூன் என்றால் கதவு ஜன்னல் எல்லாம் திறக்கிற மாதம், பிள்ளைகள் நாள் முழுக்க வெளியே கிடக்கிற மாதம். அந்த ஜூனில் டௌன் வீட்டின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. கடிதம் வந்த அதே நாட்களில் பதினாலு வயது ஹென்ரியெட்டா தொண்டை அடைப்பான் நோயில் படுத்தாள். கிராமத்தில் செங்காய்ச்சல் பரவி மற்ற வீட்டுக் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தன. ஜூன் 23 வாக்கில் கைக்குழந்தைக்கும் காய்ச்சல் கண்டது. ஒன்றரை வயதாகியும் நடக்கவோ பேசவோ தொடங்காத பிள்ளை. சாந்தமும் மகிழ்ச்சியுமான சுபாவம், மற்ற பிள்ளைகளைவிடக் குறைவாகவே அழும் என்று டார்வின் பிறகு எழுதிவைத்தார். ஜூன் 28 மாலை அந்தக் குழந்தை இறந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட தாதியும் நோயில் விழுந்தார்.

இந்தப் பத்து நாட்களுக்குள்தான் டார்வின் தன் வாழ்க்கையின் மிகச் சிக்கலான நியாயக் கேள்வியைச் சந்தித்தார். இப்போது அவசரமாகத் தன் கருத்தை வெளியிட்டால் அது அற்பத்தனம் ஆகாதா? வெளியிடாவிட்டால் இருபது வருட உழைப்பு என்னாவது? லயலுக்கு எழுதிய கடிதங்களில் அப்படியும் இப்படியும் ஊசலாடுகிறார். குழந்தை இறந்த மறுநாள், என்னால் எதையும் யோசிக்க முடியவில்லை என்ற நிலையில், 1844இல் எழுதிவைத்த பழைய கட்டுரையையும் 1857இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் வேலையாள் கையில் கொடுத்து நண்பர் ஹூக்கருக்கு அனுப்பிவிட்டார். முடிவை மற்றவர்களிடம் விட்டுவிட்டார். ஹூக்கரின் மனைவி ஃபிரான்சிஸ் உட்கார்ந்து நகலெடுத்தார். ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் சுமார் முப்பது பேர் முன்னிலையில் எல்லாம் வாசிக்கப்பட்டது. முதலில் டார்வினின் பகுதிகள், கடைசியில் வாலஸின் கட்டுரை. டார்வின் போகவில்லை. அன்று அவர் மகனைப் புதைத்தார்கள்.

இதைச் சொல்வது டார்வினுக்கு அனுதாபம் சேர்க்க இல்லை. துக்க வீட்டுக்காரரை நெருக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் வாலஸைக் கேட்காமலே அவர் கட்டுரை மூன்றாவதாக வைக்கப்பட்டது என்பதும் உண்மை. டார்வின் யோசிக்க முடியாமல் இருந்தபோது அவருக்காக யோசிக்க லயல் இருந்தார், ஹூக்கர் இருந்தார், ஓடிப்போய்க் கொடுக்க வேலையாள் இருந்தார். வீடு அவரை முடக்கியது, அதே வீடும் அதைச் சுற்றிய உறவுகளும்தான் அவரைக் காப்பாற்றின. வாலஸுக்கு அந்தப் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

அவர் அப்போது நியூ கினியின் டோரேயில் இருந்தார். நடக்க முடியாதபடி கணுக்காலில் புண். உடனிருந்த பையன்களுக்கும் காய்ச்சல். அதே ஜூன் மாதக் கடைசியில் அவர்களில் ஒருவன், ஜூமாட் என்ற பதினெட்டு வயது இளைஞன், செத்துப்போனான். கஃபன் துணிக்குப் புதுப் பருத்தித் துணி கொடுத்து, அவர்கள் முறைப்படியே அடக்கம் செய்யச் சொன்னதாக வாலஸ் எழுதியிருக்கிறார். ஏறக்குறைய ஒரே வாரத்தில், உலகின் இரண்டு மூலைகளில், இரண்டு வீடுகளில் இழவு. ஒன்று ஒவ்வொரு டார்வின் வரலாற்றிலும் இருக்கிறது. மற்றது ஒரு பயணநூலின் சில வரிகளில் இருக்கிறது.

செய்தி தெரிந்ததும் வாலஸ் கோபப்படவில்லை. பெருமைப்பட்டு அம்மாவுக்கு எழுதினார். 1869இல் மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய தன் புத்தகத்தை டார்வினுக்கே சமர்ப்பணம் செய்தார். அவர் பெருந்தன்மையானவர் என்பதால் நடந்தது நியாயமாகிவிடாது. டார்வினோ மிஞ்சிய பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வைட் தீவின் கடற்கரைக்குப் போனார். அங்கே உட்கார்ந்துதான், பெரிய புத்தகத்தை விட்டுவிட்டு, ஒரு சுருக்கம் எழுதத் தொடங்கினார். அந்தச் சுருக்கம்தான் 1859 நவம்பர் 24இல் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’. அந்தக் கோடையின் சாவும் அவசரமும் இல்லையென்றால் அந்தப் புத்தகம் அந்த அளவில், அந்த வேகத்தில் வந்திருக்காது.

வாலஸுக்குப் பிள்ளைகள் பிறந்ததெல்லாம் இங்கிலாந்து திரும்பிய பிறகுதான். இங்கே இருந்தவரை அவருக்கு வீடு என்று இருந்தது அலிதான். சரவாக்கில் சமைக்கச் சேர்ந்த மலாய்ப் பையன். பறவை சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்று, காய்ச்சலில் கிடந்த முதலாளியைப் பார்த்துக்கொண்டவன். 1907இல் தாமஸ் பார்பர் என்ற அமெரிக்க விலங்கியலாளர் தெர்னாத்தேவுக்குப் போனபோது ஒரு கிழவர் அவரை வழிமறித்தார். தன் பெயர் அலி வாலஸ் என்றார்.